வளவுக்குள் ஒரு ஜயன்ட் கௌராமி: யாழ்ப்பாணத்தில் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

கடையில் பார்க்கும்போது அது விரல் நீளம்தான் இருக்கும். கூர் மூக்கு, உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுத்தப் பட்டைகள், நெஞ்சுக்குக் கீழே மீசை மாதிரி இரண்டு நூல். பக்கத்துக் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் நீலக் கௌராமியும் முத்துக் கௌராமியும் ஏறக்குறைய இதே அளவில்தான் நிற்கும். அவை 12, 15 சென்ரிமீற்றரோடு வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். ஜயன்ட் கௌராமி அப்படி நிற்காது. நல்ல தீனியும் இடமும் கிடைத்தால் முதல் வருடத்தில் ஒரு சாணுக்குக் கிட்ட வரும். நாலைந்து வருடத்தில் ஒரு முழம். இந்த இனத்தில் 70 சென்ரிமீற்றர் வரை பதிவாகியிருக்கிறது. சரியாகப் பார்த்தால் 20 வருடத்துக்கு மேலும் இருக்கும். இன்று முன்பள்ளிக்குப் போகும் பிள்ளை பல்கலைக்கழகம் முடித்து வரும்போதும் அந்த மீனுக்கு நீங்கள் கீரை பிடுங்கிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

ஆகவே இந்த வேலையில் மீனைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். முதலில் இடம், அடுத்தது தண்ணீர், பிறகு பில்ரர், அதற்குப் பிறகு மீன். பெரும்பாலானோர் பின்பக்கமாக வருவார்கள்: மீனை வாங்கிக்கொண்டு வந்து, வாளியில் விட்டுவிட்டுத் தொட்டி தேடுவார்கள்.

எங்கே வைப்பது

வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டிதான் வேண்டுமென்றால் குறைந்தது 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் வேண்டும். கணக்குப் பார்த்தால் ஆயிரம் லீற்றருக்குச் சற்று மேலே வரும். தண்ணீர் மட்டும் ஒரு தொன். அதற்குத் தடித்த கண்ணாடி, இரும்புச் சட்டம், கீழே உறுதியான நிலம் எல்லாம் தேவை. மேல்மாடியில் வைக்க நினைப்பவர்கள் மேசனிடமோ பொறியியலாளரிடமோ கேட்காமல் தொடங்கவே வேண்டாம். 3 அடித் தொட்டி குஞ்சுக்கு ஒரு வருடம் போதும். அதுவே அதன் நிரந்தர வீடு என்று நினைத்தால் மீன் திரும்ப இடமில்லாமல் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும்.

என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் வளவு உள்ளவர்கள் கண்ணாடிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. பழைய வீடுகளில் கிணற்றடியில் குளிப்பதற்கென்று கட்டிய சீமெந்துத் தொட்டி சும்மா கிடக்கும். மோட்டரும் மேல்தாங்கியும் வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. அளவு போதுமென்றால் அதையே மீனுக்குக் கொடுக்கலாம். புதிதாகக் கட்டுவதானால் 8 அடிக்கு 5 அடி, ஆழம் மூன்றரை அடி. தண்ணீர் 3 அடிக்கு நின்றால் கிட்டத்தட்ட 3400 லீற்றர். ஒரு பெரிய மீனுக்குத் தாராளம், இரண்டுக்கும் காணும்.

இடம் பார்க்கும்போது மேலே என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். வேம்பு இல்லாத வளவு நம்மிடம் குறைவு. ஆனால் வேப்பிலையிலும் பழத்திலும் உள்ள கசப்புச் சத்து மீனுக்கு நஞ்சு. அலரியும் அப்படித்தான். முந்திரிகைப் பந்தலுக்குக் கீழே நிழல் நன்றாக இருக்கும், ஆனால் பந்தலுக்கு மருந்து அடிக்கும் நாளில் அத்தனையும் தொட்டிக்குள்தான் இறங்கும். வெறும் வெயிலும் கூடாது. பாதித் தொட்டிக்குக் கிடுகு போட்டோ பச்சை நெற் கட்டியோ விட்டால் போதும்.

விளிம்பு நிலமட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் குடாநாட்டு வளவுகள் எப்படி மிதந்தன என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மேல் மட்டத்தில் ஒரு வழிவு பைப் வைத்து, அதன் வாயில் வலைத்துண்டு கட்டிவிடுங்கள். தொட்டியின் மேலே முழுக்க மூடும் வலை கட்டாயம். மீன் சிறிதாக இருக்கும்போது மீன்கொத்தி, கொக்கு, பூனை எல்லாவற்றுக்கும் அதன்மேல் கண். குஞ்சுகள் திடுக்கிட்டால் துள்ளி வெளியிலும் விழும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பழைய மீன்வலை போதாது. பூட்டக்கூடிய இரும்புக்கம்பி மூடியாகப் போடுங்கள். 3 அடித் தண்ணீர் பிள்ளைக்கு ஆழம்தான்.

புதுச் சீமெந்தைப் பதப்படுத்துதல்

புதுத் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஒரேயடியாக ஏறும். அதற்குள் மீனை விட்டால் செவுள் வெந்துவிடும். தொட்டியை நிரப்பி, வெட்டிப்போட்ட வாழைக்குற்றிகளை உள்ளே போட்டு ஒரு கிழமை விடுங்கள். தண்ணீர் கறுத்து நாறும், அது அப்படித்தான். திறந்து விட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புங்கள். இதை மூன்று தரம் செய்ய வேண்டும். கடைசித் தரம் வெறும் தண்ணீர் விட்டு இரண்டு நாள் கழித்துப் பிஎச் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரில் உள்ள அளவும் தொட்டித் தண்ணீரில் உள்ள அளவும் ஒன்றாக வந்தால் தொட்டி தயார்.

தண்ணீர்

இங்கேதான் யாழ்ப்பாணத்துக்கென்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. கொழும்பிலோ தமிழ்நாட்டிலோ எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்ற முடியாது.

நமக்குக் கிணற்றில் கிடைப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர். அதனால் அது கடினமான தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைதான் அதற்குச் சாட்சி. கௌராமிக்கு இது பெரிய தொல்லை இல்லை. பிஎச் ஆறரையிலிருந்து 8 வரை தாங்கும். சற்று உவர்ப்பையும் பொறுக்கும். ஆனால் பொறுப்பதற்கும் செழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. தேத்தண்ணி போட்டுக் குடிக்கக்கூடிய கிணறு என்றால் மீனுக்கும் சரி. வாயில் வைத்தவுடன் சவர் என்று துப்புகிற தண்ணீரென்றால் மழைத் தண்ணீர் கலக்க வழி பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரைப் பீலியிலிருந்து ஓடிப்போகிற தண்ணீரை ஒரு தாங்கியில் பிடித்து வைத்தால் கோடைக்கு உதவும். முதல் மழை கூரையைக் கழுவட்டும், அதைப் பிடிக்க வேண்டாம்.

ஆடி, ஆவணியில் கிணறு இறங்கும்போது கடலோரப் பக்கங்களில் சவர் ஏறும். அந்த நேரம் மோட்டரைப் போட்டு நெடுநேரம் இறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பெரிய தண்ணீர் மாற்றங்களை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நைத்திரேற்று, அதாவது உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேரும் நைதரசன் உப்பு. செம்மண் தோட்டங்கள் நெருங்கியிருக்கும் இடங்களில் உரம் கீழிறங்கிக் கிணற்று நீரிலேயே நைத்திரேற்று கூடியிருப்பது தெரிந்த விஷயம். ஆகவே தொட்டித் தண்ணீரைச் சோதிப்பதற்கு முன்னர் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை சோதியுங்கள். கிணற்றிலேயே கூடுதலாக இருந்தால், எத்தனை வாளி மாற்றினாலும் தொட்டியில் அது குறையாது. மழைநீர் கலப்பதும், தொட்டியில் கங்குன் போன்ற வேகமாக வளரும் செடி விடுவதும்தான் வழி. கங்குன் வேர் நைத்திரேற்றை இழுக்கும், தளிரை மீன் தின்னும்.

தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து அனுப்பும் குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளில் உப்பும் கடினமும் பிரச்சினை இல்லை, குளோரின்தான் பிரச்சினை. அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தோ, கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளிகளை விட்டோ பாவிக்கலாம்.

சின்னதாக ஒன்று: மேல்தாங்கியிலிருந்து தொட்டிக்கு நேரே தண்ணீர் விடுபவர்கள் மத்தியானத்தில் விடாதீர்கள். சித்திரை வெயிலில் கறுப்புத் தாங்கித் தண்ணீர் கையில் பட்டாலே சுடும். காலையில் விடுங்கள். கிணற்றிலிருந்து நேரே இறைத்தால் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். நிலத்தடித் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. தண்ணீரைச் சூடாக்கும் ஹீற்றர் நம் ஊருக்குத் தேவையே இல்லை.

பில்ரரும் காத்திருப்பும்

கௌராமி நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன். கடையில் விற்கும் சின்னப் பில்ரர் இதற்கு மூக்குப்பொடி. 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் ஒன்றில் கீழே கருங்கல் சல்லி, நடுவில் கழுவிய பழைய நைலோன் மீன்வலையைச் சுருட்டி அடைத்து, மேலே ஸ்பொஞ்ச் வைத்தால் அருமையான பில்ரர். வலை நம் ஊரில் கிலோக் கணக்கில் கிடைக்கும். தொட்டிக்குள் நீரடி மோட்டர் ஒன்று வைத்துத் தண்ணீரைப் பரலின் அடிப்பக்கத்துக்கு அனுப்பி, மேலே நிரம்பித் தொட்டிக்குத் திரும்ப விழ விடுங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது முழுத் தண்ணீரும் பரலுக்குள் போய்வர வேண்டும். சல்லிக்குப் பதிலாகச் சுண்ணக்கல் போட வேண்டாம், முருகைக்கல்லும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள கடினம் போதாதா?

பரலைப் பூட்டியவுடன் பில்ரர் வேலை செய்யத் தொடங்கிவிடாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஒருவகைப் பக்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. இந்தப் பக்றீரியாக்கள் வலையிலும் கல்லிலும் குடியேற நாலிலிருந்து ஆறு கிழமை பிடிக்கும். நம் தண்ணீரில் இதைச் சாட்டுக்கு விட முடியாது, ஏனென்றால் பிஎச் 7இல் இருப்பதைவிட 8இல் அமோனியாவின் நஞ்சுப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்கு. கொழும்புத் தண்ணீரில் மீன் தப்பிக்கொள்ளும் அளவு அமோனியா, இங்கே கொல்லும்.

மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு அழுக விடுங்கள். ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் அவருடைய பில்ரரிலிருந்து ஒரு துண்டு ஸ்பொஞ்ச் கேட்டு வாங்கிப் போடுங்கள், கிழமைகள் குறையும். ரெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும்வரை பொறுமை.

இன்னொன்று, மின்வெட்டு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களும் இருந்தன. கௌராமிக்குப் பல மீன்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பால் நேரடியாகக் காற்றை மூச்சாக எடுக்கும். மோட்டர் நின்றாலும் அது உடனே செத்து மிதக்காது. ஆனால் பரலுக்குள் இருக்கும் பக்றீரியாவுக்கு அந்த வசதி இல்லை. நெடுநேரம் ஓட்டமின்றி நின்ற பரலை, மின்சாரம் வந்ததும் அப்படியே தொட்டிக்குள் திறக்காமல், தேங்கிய தண்ணீரை முதலில் வெளியே விட்டுவிட்டு ஓடவிடுங்கள். காற்றை எடுக்க மேலே வர வேண்டிய மீன் என்பதால், கண்ணாடித் தொட்டியாயிருந்தால் மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே நாலு விரல் இடைவெளி விட வேண்டும்.

மீன் வாங்குதல்

இப்போது கடைக்குப் போகலாம். துடுப்பு விரிந்திருக்க வேண்டும். வயிறு ஒட்டியிருக்கக் கூடாது. ஒரு மூலையில் தலையைக் கீழே போட்டு நிற்பதை விடுங்கள். கடைக்காரரைக் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள், ஓடிவந்து கொத்துகிற குஞ்சை எடுங்கள். வெள்ளை, மஞ்சள் நிறத்திலும் வரும். அவையும் இதே இனம்தான், வளர்ப்பு முறையில் மாற்றமில்லை. சிவப்பு வால் ஜயன்ட் கௌராமி என்று விற்பது நெருங்கிய வேறு இனம். அதுவும் அரை மீற்றரை எட்டும்.

ஒன்று போதும். கூட்டமாக வாங்கினால் குஞ்சுப் பருவத்திலேயே ஒன்றையொன்று துரத்தித் துடுப்பைக் கிழிக்கும். சீமெந்துத் தொட்டியில் இரண்டு வேண்டுமென்றால் ஒரே அளவில், ஒரே நாளில் விடுங்கள்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஒட்சிசன் பையில் வந்த மீனென்றால் கவனம். அங்கே மென்மையான தண்ணீர், இங்கே கடினம். பையைத் திறக்காமல் தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடித்து, மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுங்கள். முதல் நாள் தீனி வேண்டாம்.

என்ன கொடுப்பது

இளம் மீனுக்கு மிதக்கும் பெலெட் தினம் இரண்டு தரம், இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. நுளம்புக் குடம்பிகளையும் விரும்பித் தின்னும். வளர வளர அது மரக்கறிக்காரர் ஆகிவிடும், அப்போது தீனியில் பெரும்பங்கு இலையாக இருக்கட்டும். கங்குன், வல்லாரை, பப்பாசி இலை, அவித்த பயத்தங்காய், தோல் சீவிய வெள்ளரிக்காய், பூசணித் துண்டு எல்லாம் போகும். கனிந்த பப்பாசிப்பழமும் கதலி வாழைப்பழமும் என்றால் அதற்குப் பைத்தியம். ஆனால் கிழமைக்கு ஒருதரம் போதும், மிச்சம் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். இந்தோனேசியாவில் வளர்ப்பவர்கள் சேம்பு வகை இலைகளை அள்ளிப் போட்டே இதைப் பெருக்குகிறார்கள்.

சந்தையில் வாங்கும் கீரையை நம்ப வேண்டாம். முந்தின நாள் மருந்து அடித்ததா என்று உங்களுக்குத் தெரியாது. வளவில் ஒரு பாத்தி கங்குன் போட்டுவிடுங்கள். தொட்டி கழுவும் தண்ணீரே அதற்குப் பசளை. பாணும் சோறும் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம். கோழி, மாட்டிறைச்சி எல்லாம் கொழுப்பைத்தான் ஏற்றும்.

கொக்குவிலில் எனக்குத் தெரிந்த வீடொன்றில் கிணற்றடித் தொட்டியில் ஒன்று நிற்கிறது. கங்குன் தண்டை நீட்டினால் உடனே கடிக்காது. முதலில் நெஞ்சுக்குக் கீழுள்ள இரண்டு நூலையும் முன்னுக்கு நீட்டி இலையைத் தடவும். பிறகு தடித்த உதட்டால் இலை விளிம்பைப் பிடித்து ஒரு உலுப்பு. இலை கிழியும், நரம்பு கையில் நிற்கும். காற்றெடுக்க மேலே வரும்போது வாயைத் திறந்து மூடும் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும். வீட்டு அம்மா நடந்து வந்தால் மூலைக்கு ஓடிவரும், புது ஆள் வந்தால் அடியில் போய் நிற்கும். விரலை மட்டும் நீட்டாதீர்கள், தீனி என்று நினைத்து இழுத்துவிடும்.

கூட்டாளிகள்

கப்பி, மொலி போன்ற சிறிய மீன்கள் அதற்குத் தீனி. "டாங்கி கிளீனர்" என்று விற்கும் உறிஞ்சுவாய் மீனைப் பலர் சேர்ப்பார்கள். பெரிய கௌராமியின் உடம்பில் ஒட்டிச் சளிப்படலத்தை உறிஞ்சப் பார்க்கும். அது இலங்கையின் நீர்நிலைகளுக்குள் புகுந்து தொல்லை கொடுக்கும் இனமும்கூட. கௌராமியைத் தனியே விடுங்கள், அது தனிமையில் வாடுகிற மீனல்ல. நிழலுக்கென்று ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து போடவும் வேண்டாம். அதை வைத்திருப்பதற்கு எதிராக 1909இலேயே இங்கு சட்டம் கொண்டுவந்தார்கள்.

கிழமை வேலை

கண்ணாடித் தொட்டியில் கிழமைக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும். சீமெந்துத் தொட்டியில் பத்திலொரு பங்கு போதும், அடியில் சேரும் கழிவோடு சேர்த்து. அந்தத் தண்ணீர் வாழைக்கும் தேசிக்கும் போகட்டும். பரல் ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது. மழைக்காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் டெங்கு பார்க்க வந்தால் மீனிருக்கும் தொட்டி பயமில்லை. பக்கத்தில் கவிழ்க்காமல் விட்ட வாளியும் சிரட்டையும்தான் மாட்டிவிடும்.

நோய் என்று வந்தால் பெரும்பாலும் மார்கழி, தையில்தான், இரவுக் குளிரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து வெப்பம் இறங்கும்போது. உடம்பில் ரவை தூவினமாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தால் ஆனையிறவுக் கல்லுப்பை வாளியில் கரைத்து, லீற்றருக்கு ஒரு கிராம் கணக்கில் விடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கிராம் வரை ஏற்றலாம். தொட்டியில் செடி இருந்தால் எடுத்துவிடுங்கள். புள்ளி மறைந்தாலும் பத்து நாள் வரை உப்பை விட்டுவைத்து, பிறகு தண்ணீர் மாற்றி மாற்றிக் குறையுங்கள். வயிறு ஊதி, தின்னாமல் நின்றால் இரண்டு நாள் பட்டினி போடுங்கள், பிறகு தோல் உரித்த அவித்த பட்டாணி கொடுங்கள்.

குஞ்சு பொரிக்க ஆசைப்பட்டால்

மூன்று நாலு வருடம் ஆன சோடி வேண்டும். பக்கத் துடுப்பின் அடிப்பகுதி பெண்ணுக்குக் கறுத்திருக்கும், ஆணுக்கு வெளுத்திருக்கும். வயதான ஆணுக்கு நெற்றியும் புடைக்கும். ஆண்தான் கூடு கட்டும், குருவிக்கூடு மாதிரி உருண்டையாக. தென்னந்தும்பையும் பன்னாடையையும் தண்ணீர் மட்டத்தில் ஒரு மூங்கில் சட்டத்தில் வைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். எண்ணெய்த் தன்மையுள்ள முட்டைகள் கூட்டுக்குள் மிதந்து நிற்கும், ஓரிரு நாளில் பொரிக்கும். அந்நேரம் தொட்டிக்குள் கை விட்டால் கடி விழும். குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வரலாம். அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று முன்பே யோசித்துக்கொண்டு தும்பைப் போடுங்கள்.

வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டி வந்தால்

வெளிநாடு போகிறோம், வீடு மாறுகிறோம் என்று மீனை ஆரியகுளத்திலோ ஊர்க்கோயில் கேணியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தென்கிழக்காசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன் இது, நம் குளத்து மீன்களோடு போட்டிக்கு நிற்கும். பெரிய தொட்டி உள்ளவரிடமோ, வாங்கிய கடையிலோ கேளுங்கள். கொண்டுபோகும் முந்தின நாள் தீனி கொடுக்காதீர்கள். தண்ணீரை ஒரு அடிக்கு இறக்கி, ஈரச் சாக்காலோ தடித்த துணியாலோ மீனை அணைத்துப் பிடியுங்கள். கைவலைக்குள் மீன் அடங்காது, முதுகு முள்ளும் குத்தும். பரலில் பாதிக்குத் தொட்டித் தண்ணீர், மீதிக்குக் காற்று, மூடியில் நாலைந்து துளை. ஓட்டோவில் பரல் சாயாமல் பிடிக்க ஒருவர் பின்னுக்கு இருக்க வேண்டும்.